அவிழாத லுங்கி

ஒரு மனுஷனுக்கு இந்த உலகத்தில் வரக்கூடிய ஆகப்பெரிய ஆபத்து, நாலு பேர் பார்க்க லுங்கி அவிழ்ந்து விழுவதுதான் என்று வெகுகாலம் மனதார நம்பிக்கொண்டிருந்தவன் நான். வெறிநாய், தண்ணி லாரி, மேலதிகாரி எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில், மனைவியின் பட்டுப்புடவைக்குக் கீழே, நீலமும் அரக்குமாகக் கட்டம் போட்ட ஒரு லுங்கி இருக்கிறது. அதைச் சும்மா லுங்கி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும். முன்பக்கம் கொசுவம் வைத்துத் தைத்திருக்கும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு பாக்கெட். இடுப்பில் மடித்துத் தைத்த பட்டிக்குள் வலைக்கயிற்றில் ஒரு நாடா. உள்ளே, வெளியில் தெரியாமல், சேர்த்துத் தைத்த அரை நிக்கர். குதித்தாலும் அவிழாது, ஓடினாலும் அவிழாது, பைக்கில் காற்றடித்தாலும் தூக்காது. என் பயத்துக்கு அளவெடுத்துத் தைத்தது அது. தைத்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி.

நான் எர்ணாவூர்க்காரன். துறைமுகத்துக்கு வருகிற போகிற கன்டெய்னர் பெட்டிகளைக் கிடங்கில் சரிபார்க்கிற வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு கடலைத் தூரத்திலிருந்து பார்க்கிற ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி காத்திவாக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். எண்ணூர் பஸ்ஸில் ஆரம்பித்த விவகாரம், இரண்டு வீட்டிலும் அடிவாங்கி, ஒருவழியாகக் கல்யாணத்தில் முடிந்தது. முதல் ஆடிக்கு விருந்து வைத்து, மாப்பிள்ளைக்கு என்று புது லுங்கி எடுத்துக் கொடுத்தார்கள். புது லுங்கியும் புது மாப்பிள்ளையும் ஒன்று. இரண்டும் விறைப்பாக இருக்கும், எந்த நேரத்தில் மானத்தை வாங்கும் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கரைக்குப் போனோம். மாமனாரின் படகு வந்து சேர்ந்திருந்தது. மணலில் இழுத்து ஏற்ற ஆள் வேண்டும். மாப்பிள்ளையும் ஒரு கை கொடுக்கட்டுமே என்று யாரோ சொல்ல, நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வடத்தைப் பிடித்தேன். இரண்டு கையும் வடத்தில் இருக்கிறது. ஏலேலோ என்று எல்லோரும் ஒரு இழு இழுக்கிறார்கள். இடுப்பில் ஏதோ தளர்கிறது. வடமா, மானமா என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நொடி கொடுத்திருந்தால் யோசித்திருப்பேன். கொடுக்கவில்லை. வடத்தை விட்டேன். அப்படியும் மானத்தைப் பிடிக்க முடியவில்லை. படகு பின்னால் சறுக்கியது, லுங்கி கணுக்காலில் கிடந்தது, பட்டை பட்டையாகக் கோடு போட்ட என் டிராயரைக் காத்திவாக்கமே பார்த்தது.

மாப்பிள்ளையை முழுசாகப் பார்த்தாகிவிட்டது, இனிமேல் சீர்வரிசையில் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கிழவி சொன்னாள். கரை முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் மச்சான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டு, அங்கேயே மணலில் என்னை உட்காரவைத்தான். "வுடு மாமா. இவனுங்க அல்லாரும் பொறக்கசொல்ல லுங்கி கட்டிகினா வந்தானுங்க?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உனக்குன்னே அவுராத லுங்கி ஒண்ணு தெச்சித் தரேன் பாரு" என்றான். சமாதானத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சமாதானத்துக்கு எதையும் சொல்கிறவன் இல்லை.

அந்தக் குப்பத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். யாரும் லுங்கிக்கு முடிச்சுப் போட மாட்டார்கள், பெல்ட்டும் கட்ட மாட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, உள்ளே ஒரு செருகல், அவ்வளவுதான். படகில் ஏறும்போது அதுவும் கிடையாது. ஒரே இழுப்பில் உருவிச் சுருட்டிப் பலகைக்கு அடியில் எறிந்துவிட்டு நிக்கரோடு நிற்பார்கள். எனக்கு அது பெரிய அலட்சியமாகத் தெரிந்தது. இவ்வளவு காற்றடிக்கிற ஊரில் இப்படியா கட்டுவது என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். ஏன் அப்படிக் கட்டுகிறார்கள் என்று மட்டும் ஒரு தடவையும் கேட்டதில்லை.

மச்சான் கடலுக்குப் போகவில்லை. பயத்தால் அல்ல, நீச்சலில் அவனை அடிக்க அந்தக் கரையில் ஆளில்லை. மாமனார் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு, லுங்கியில் வந்தார் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பையன் மட்டும் உள்ளே போய், யார் பிள்ளை என்று கேட்டபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். அதை அவன் மறக்கவே இல்லை. பிறகு ராயபுரத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் தையல் வேலை கிடைத்தது. முதல் நாள் லுங்கியில் போனவனை வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டான். பேண்ட் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் உள்ளே போனால், மேஜை மேல் மலைமலையாகக் குவிந்து கிடந்தது அதே கட்டம் போட்ட துணி. வெள்ளைக்காரனுக்குச் சட்டையாகப் போகிறது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "துணிக்கி கேட்ட தொறக்கறானுங்க மாமா. அத்த கட்டிகினு போற ஆளுக்குத்தான் பேஜாரு" என்றான். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் முகம் பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்கப்புறம்தான் அந்த லுங்கிக்காரியம் ஆரம்பித்தது. அப்போது பையன்களிடம் ஆறு பாக்கெட் வைத்த பேண்ட் மோகம் தலைக்கேறியிருந்த சமயம். பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கி வீட்டு வராந்தாவில் போட்டான். லுங்கி லுங்கியாகவே தொங்க வேண்டும், ஆனால் எந்தக் கேட்டிலும் நிறுத்தக்கூடாது, இதுதான் அவன் கணக்கு. முதலில் தைத்தது வெறும் பாவாடை மாதிரி வந்தது. போட்டுக்காட்டும் பொம்மை நான். ஓடச் சொல்வான், குனியச் சொல்வான், மாடியிலிருந்து குதிக்கச் சொல்வான். நானும் குதித்திருக்கிறேன். எங்கேயாவது அரை அங்குலம் நழுவினால் எனக்கு வேர்த்துவிடும், அவன் உடனே பிரித்து இன்னொரு தையல் போடுவான். என் பீதிதான் அவனுக்கு இன்ச் டேப். எலாஸ்டிக் போதாது என்றேன், நாடா வந்தது. சாதா நாடா நம்பிக்கையாக இல்லை என்றேன், மாமனாரின் வலைக்கயிற்றில் பின்னி, நுனியில் சின்ன மிதவைக்கட்டை கோத்து மாட்டினான். பார்க்கவும் ஜோராக இருந்தது. உள் நிக்கரும் என் யோசனைதான் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் ஒரு தியேட்டர். லுங்கிக்கு அனுமதி இல்லை என்று போர்டே வைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. மச்சானும் அவன் கூட்டாளிகளும் அதை உடுத்திக்கொண்டு, கீழே வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு முன்னால் போகிறார்கள். நான் பத்திரமாக பேண்ட் போட்டு, ஓடுவதற்கு வசதியாக ரோட்டோரம் நின்றுகொண்டேன். கேட்காரர் மேலும் கீழும் பார்த்தார். லுங்கி கட்டினால் விடமாட்டோம் என்றார். இது பேண்ட் என்றான் மச்சான். பின்னே ஏன் லுங்கி மாதிரி இருக்கிறது என்றார் அவர். "அது இஷ்டைலு சார். பாக்கெட்டுல கைய வுட்டுப் பாரு" என்றான். அவரும் விட்டார், வறுத்த கடலை கிடைத்தது. மென்றுகொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். மச்சான் உள்ளே போகவில்லை. வாசல்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். டிக்கெட்டைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான். படம் பார்க்கவா வந்தோம் என்று கேட்டுவிட்டு என் தோளில் கைபோட்டு நடக்க ஆரம்பித்தான். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் ஆகிவிடுவான்.

கேரம் கிளப் பையன்கள் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள், கானா பாடுகிறவர்கள் கேட்டார்கள், எர்ணாவூர் குடியிருப்பில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள்கூட விசாரித்தார்கள். மாமனாருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவர் கெடுபிடியான ஆள் இல்லை, படகில் ஒரு ஆள் குறைச்சல், அதுதான் அவர் கஷ்டம். ஆடி வரைக்கும் பார், கடைக்காரன் எவனாவது எடுத்து மாட்டினால் உன் இஷ்டம், இல்லாவிட்டால் மிஷினைக் கொடுத்துவிட்டுப் படகுக்கு வந்துவிடு என்று சொல்லியிருந்தார். மச்சானும் சரி என்றிருந்தான். வாய்ச்சொல்தான். ஆனால் அப்பாவிடம் சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை அவன். அதனால் எல்லாம் யாரோ ஒரு கடைக்காரன் கையில் வந்து நின்றது.

மாமியார் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த ஒரு மதியம், வராந்தாவில் நானும் அவனும் அந்த லுங்கியைப் பரப்பி வைத்துக்கொண்டு பெருமை பேசிக்கொண்டிருந்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, நாடாவை இழுத்துப் பார்த்தார். முடிச்சைத் தடவினார்.

"இன்னா மாப்ள, இது சட்டுனு அவுருமா?"

"அவுராதுன்றதுதான் அத்தை இதுல விசேஷமே" என்றேன் நான். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்ன ஜோக்குகளிலேயே வெற்றிகரமான ஜோக் என்று அதைப் பல இடத்தில் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரர் கடைசியில் இறங்கி வந்தார். ஆள் உடுத்திக்கொண்டு நிற்கிற மாதிரி பெரிய போட்டோ ஒன்று கொண்டு வாருங்கள், கடை வாசலில் மாட்டுகிறேன், சரக்கையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மச்சான் அன்றைக்கே இடத்தைத் தீர்மானித்துவிட்டான். எண்ணூர் முகத்துவாரம். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், முன்னால் தண்ணீர், நடுவில் கட்டுமரத்தில் அவன். ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் கேமராவை நான் இரவல் வாங்கினேன். வெள்ளை ஷூவையும் அவன் இரவல் வாங்கியிருந்தான். மழை முடிந்து முகத்துவாரம் நன்றாகத் திறந்துகொண்டிருந்த நாட்கள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்கிற நேரம். நானும் துணைக்கு என் அவிழாத லுங்கியைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

படகில் ஏறினால் லுங்கியை உருவிப் போட வேண்டும் என்று குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பேச்சில் கடலுக்குப் போவது என்றால் வலையோடு போவது, அலையைத் தாண்டிப் போவது. கரையோரம் கட்டுமரத்தை மிதக்கவிட்டுப் போட்டோவுக்கு நிற்பதைக் கடலுக்குப் போவது என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். அந்த இடம் அவர்களுக்கு வாசல் மாதிரி. குழந்தைகள் குதித்து விளையாடுகிற இடம். கரையில் நின்ற அத்தனை பேரும் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமே இல்லை. என் கவலையெல்லாம் வெளிச்சம் போய்விடுமோ, இரவல் கேமராவில் உப்புத்தண்ணீர் பட்டுவிடுமோ என்பதுதான்.

கையைக் கட்டிக்கொண்டு ஒன்று, பாக்கெட்டில் கைவிட்டபடி ஒன்று என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுமரம் ஒரு பக்கம் ஆடியது. அவன் விழுந்தான். நாங்கள் சிரித்தோம். குப்பத்துப் பையன் தண்ணீரில் விழுவது, வாத்து தண்ணீரில் விழுவது மாதிரி. ஷூ இரவல்டா மச்சான் என்று நான் கத்தினேன், கரை இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் தலை மேலே வந்தது. எங்களைப் பார்த்தான். நீந்துகிறவனுக்குக் கை வெளியே தெரிய வேண்டும். அவனுக்குத் தலை மட்டும்தான் தெரிந்தது. கை இரண்டும் தண்ணீருக்குள், இடுப்பில், ஏதோ வேலையாக இருந்தன. முகத்துவாரத்து இழுப்பு அவனைக் கட்டுமரத்தை விட்டு வெளியே கொண்டுபோனது. கரையில் சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே ஒவ்வொருவனும் இடுப்பில் கை வைத்தான், ஒரே இழுப்பு, குதித்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் ஈர மணல் முழுக்க லுங்கிகள். பச்சை, ஊதா, சிவப்பு என்று கட்டம் கட்டமாக, ஆளில்லாமல் கிடந்தன. நீச்சல் தெரியாத நான் முழங்கால் தண்ணீர் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்று அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் லுங்கி அவிழவில்லை. அரை அங்குலம்கூட நழுவவில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மின் நிலையத்திலிருந்து வருகிற சுடுதண்ணியில் தலை சுற்றியிருக்கும் என்றார்கள். கட்டையில் மண்டை இடித்திருக்கும் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். மாமனார் கொஞ்ச நாளில் படகுக்கு வெளியூர் ஆள் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் விஷயம் தெரியாமல் பிலிமைக் கழுவி, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் போட்டும் வைத்திருந்தார். போய் வாங்க எனக்கு அவ்வளவு நாள் ஆனது. புகைபோக்கிகள் அழகாக விழுந்திருந்தன. அவனும்தான். கடைக்காரரிடம் அதைக் கொண்டுபோகவில்லை.

இதெல்லாம் ஆகி வெகுநாளாகிவிட்டது. இப்போது பெரிய பெரிய கடைகளில் லுங்கித் துணியில் பேண்ட், லுங்கித் துணியில் பாவாடை, பாதி வேட்டி பாதி பேண்ட் என்று மாட்டி வைத்திருக்கிறார்கள். லுங்கிக்கு எந்தக் கேட்டிலும் தடையில்லை. போன மாதம் என் மகள் போனில் பார்த்து ஒன்றை வரவழைத்தாள். நீலமும் அரக்கும் கட்டம். கொசுவம் வைத்தது, பாக்கெட் வைத்தது. கீழே ஷூவை மாட்டிக்கொண்டு, சிநேகிதிகளோடு கடைவீதிக்குப் போக மெட்ரோவுக்குக் கிளம்பி நின்றாள். வயதுப் பெண் லுங்கி கட்டிக்கொண்டு போவதா என்று அப்பன் குதிக்கப் போகிறான் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராக வேறு இருந்தாள். நான் கையில் காபி டம்ளரோடு அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடா இருந்தது. வழுவழுப்பான கயிறு, இரட்டை முடிச்சு. அவள் போகிற வழியில் குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு தண்ணீரே கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இது சட்டுனு அவுருமாம்மா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் ஆடி விருந்துக் கதை அவளுக்கும் மனப்பாடம். "அவுரவே அவுராதுப்பா. நீ பயப்படாத" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வந்து டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். முகத்துவாரத்தில் அலைத்தடுப்புக்குப் போட்ட கற்களின் பக்கமிருந்து மச்சானைத் தூக்கிவந்து மணலில் போட்டபோது, ஆறு பாக்கெட்டும் மண்ணும் தண்ணீரும் நிறைந்து கனத்திருந்தன. இடுப்பு முடிச்சு நகம் நுழைய முடியாதபடி இறுகியிருந்தது. நாலைந்து பேர் மாற்றி மாற்றி முயன்றும் அவிழவில்லை. கடைசியில் மாமியார் வந்து, மீன் வெட்டுகிற கத்தியால் அந்த நாடாவை அறுத்தார்.